டிரஸ்ட் நடத்துறவங்க தயவுசெஞ்சு படிங்க, 12ஏ ரினீவல்னு 34,500 ரூபா போச்சு

நேத்து சாயங்காலம்தான் விஷயம் தெரிஞ்சுது. ராத்திரி பூரா தூக்கம் இல்ல, விடிஞ்சதும் இத டைப் பண்றேன், தப்பு இருந்தா பொறுத்துக்குங்க.

நாங்க துறையூர் பக்கம் ஒரு கிராமத்துல சின்ன டிரஸ்ட் நடத்துறோம். சாயங்கால டியூஷன், 40 பசங்க, வர்ற புள்ளைக்கு ஒரு கிண்ணம் சுண்டல், அவ்வளவுதான். ரிட்டயர்டு ஹெட்மாஸ்டர் ஐயா ஒருத்தர் தன்னோட 3 சென்ட் இடத்தை டிரஸ்ட் பேர்ல எழுதிக் குடுத்து ஆரம்பிச்சது. கணக்கு வழக்கு எல்லாம் நான் பாக்குறேன்.

எங்க 12ஏ (டிரஸ்ட் வருமானத்துக்கு வரி விலக்கு தர்ற பதிவு), 80ஜி (நன்கொடை தர்றவங்களுக்கு வரிச் சலுகை தர்ற பதிவு) ரெண்டும் 2021ல சட்டம் மாறினப்போ புதுசா வாங்கினது, 5 வருஷம்தான் செல்லும், 2026 மார்ச் 31ஓட முடியுது. முடியறதுக்கு 6 மாசம் முன்னாடியே, அதாவது 2025 செப்டம்பர் 30க்குள்ள, ரினீவலுக்கு 10ஏபிங்கிற ஃபார்ம வருமான வரி போர்ட்டல்ல போடணும். இது எனக்குத் தெரியும். எப்படிப் போடுறதுன்னுதான் தெரியல. அப்பதான் ஆன்லைன்ல என்ஜிஓக்களுக்கு ரிஜிஸ்ட்ரேஷன் பண்ணித் தர்ற ஒரு கன்சல்டன்சி விளம்பரம் பாத்து ஆகஸ்ட்ல போன் பண்ணேன்.

பேசினவன் சொன்ன சட்டம் ஒண்ணுகூடப் பொய் இல்லீங்க, அதுலதான் விழுந்தேன். வருமானம் 5 கோடிக்குக் கீழ உள்ள டிரஸ்ட்டுக்கு இப்ப 12ஏ 10 வருஷத்துக்குத் தர்றாங்க, 2026 ஏப்ரல்ல புது வருமான வரிச் சட்டமே வருது, அதுக்குள்ள முடிச்சுடணும்னு மணி மணியா சொன்னான். பசங்க எத்தன பேரு, எத்தனாவது படிக்கிறாங்கன்னு விசாரிச்சான். "புண்ணிய காரியம் பண்றீங்க மேடம், உங்ககிட்ட நான் லாபம் பாக்க மாட்டேன்"னான். அந்த ஒரு வார்த்தைல நம்பிட்டேன். சர்வீஸ் சார்ஜ் 25,000, கவர்மென்ட் ஃபீஸ் 9,500, மொத்தம் 34,500. பாதி ஐயா பென்ஷன்ல இருந்து எடுத்துக் குடுத்தாரு. ஜிபேல அனுப்பின கையோட போர்ட்டல் பாஸ்வேர்டையும் குடுத்தேன்.

செப்டம்பர் 26ஆம் தேதி ஒரு பிடிஎஃப் வந்துச்சு, "ஃபைல் ஆயிடுச்சு மேடம்"னு. ஐயா பேரு, டிரஸ்ட் பான் நம்பர் எல்லாம் சரியா இருந்துச்சு. ஐயாவோட ஓடிபியோ டிஜிட்டல் சிக்னேச்சரோ கேக்காம எப்படி ஃபைல் ஆச்சுன்னு எனக்கு அப்ப தோணவே இல்ல.

அதுக்கப்புறம் எப்ப போன் பண்ணாலும் ஒரு பதில். போர்ட்டல் ஸ்லோ. ஆபீசர் லீவு. தீபாவளி முடியட்டும். பிராசஸ்ல இருக்கு, டென்ஷன் ஆகாதீங்க. டிசம்பர்ல வேற ஒரு பொண்ணு எடுத்து, உங்க ஃபைல பாத்த ஸ்டாஃப் வேலைய விட்டுப் போயிட்டாரு, டிக்கெட் போட்டிருக்கேன்னு சொல்லுச்சு. அந்த டிக்கெட் நம்பர வாட்சப்ல கேட்டா ப்ளூ டிக் மட்டும்தான்.

வருஷா வருஷம் நன்கொடை தர்ற கோயம்புத்தூர்க்காரர் ஒருத்தர் 80ஜி ரினீவல் ஆர்டர் காப்பி கேட்டாரு. அதனால நேத்து தெரிஞ்ச ஆடிட்டர் ஒருத்தர்கிட்ட போய் போர்ட்டலத் திறந்து பாத்தா 10ஏபி டிராஃப்ட்லயே கிடக்கு. சப்மிட்டே பண்ணல! எனக்கு அனுப்பின பிடிஎஃப் வெறும் ப்ரிவியூ, சப்மிட் பண்றதுக்கு முன்னாடி சரிபாக்குற காப்பி. கவர்மென்ட் ஃபீஸ்னு ஒண்ணு இந்த ஃபார்முக்குக் கிடையவே கிடையாதாம், சொல்லிட்டு அந்த ஆடிட்டரே தலையில கை வச்சுட்டாரு.

இப்ப பயம் 34,500 மட்டும் இல்ல. டைமுக்கு அப்ளை பண்ணலன்னா 115டிடின்னு ஒரு செக்ஷன் இருக்காம், டிரஸ்ட்டோட சொத்து மதிப்புல கடன் போக மிச்சத்துக்கு உச்ச ரேட்ல வரி போடலாமாம். ஐயா குடுத்த அந்த 3 சென்ட்டுக்கு! அவர்கிட்ட இன்னும் சொல்லல, எந்த மூஞ்சிய வச்சுக்கிட்டு சொல்றது?

பணத்தத் திருப்பிக் கேட்டேன். நான்-ரீஃபண்டபிள்னு இன்வாய்ஸ்லயே போட்டிருக்கு மேடம்ங்கிறான். அந்த இன்வாய்ஸ்ல ஜிஎஸ்டி நம்பர் கூட இல்ல.

என்னென்ன ஜாக்கிரதையா இருக்கணும்னு விவரமா எழுதணும்னுதான் உக்காந்தேன், இப்ப முடியல. இத மட்டும் பாருங்க. பிடிஎஃப நம்பாதீங்க, போர்ட்டல்ல நீங்களே லாகின் பண்ணி ஃபைல் பண்ண ஃபார்ம் லிஸ்ட்ல அக்னாலெஜ்மென்ட் நம்பரோட இருக்கான்னு பாருங்க. 12ஏ, 80ஜிக்கு கவர்மென்ட் ஃபீஸ்னு கேட்டா அங்கேயே போன வச்சிடுங்க. போர்ட்டல்ல இருக்கற மெயில், மொபைல் டிரஸ்டியோடதா இருக்கட்டும். மே 31க்குள்ள போட்டிருக்க வேண்டிய 10பிடியையும் (நன்கொடை குடுத்தவங்க விவரம் தர்ற ஃபார்ம்) இவனுங்கதான் போட்டதா சொன்னானுங்க, அதையும் இனிமேதான் பாக்கணும், லேட்டுன்னா ஒரு நாளைக்கு 200 ரூபா.

12ஏ அப்ளை பண்ண லேட்டானதுக்கு நியாயமான காரணம் இருந்தா வருமான வரி கமிஷனர் மன்னிக்கலாம்னு 2024 அக்டோபர்ல இருந்து வழி இருக்காம். இன்னைக்கு ஐயாவ கூட்டிட்டுப் போய் ஃபார்மப் போட்டுட்டு சென்னை எக்ஸம்ப்ஷன் (வரி விலக்கு) கமிஷனருக்கு மனு எழுதணும். நுகர்வோர் ஹெல்ப்லைன் 1915க்கும் போன் போட்டு அந்த 34,500க்கு கம்ப்ளைன்ட் குடுக்கப் போறேன். இதே மாதிரி யாராவது ஏமாந்திருந்தா கமென்ட்ல சொல்லுங்க, சேர்ந்தே குடுக்கலாம்.