ஆய்வேட்டுக்குப் பக்க எண்: வேர்டா, லிப்ரே ஆபிஸ் ரைட்டரா?

நன்றியுரை, பொருளடக்கத்துக்குச் சிறிய ரோமன் எண். முதல் இயலிலிருந்து 1, 2, 3. வேலூர், காட்பாடிப் பக்கம் பைண்டிங்குக்குப் போகும் ஆய்வேடுகளில் இதுதான் வழக்கம்.

வேர்டில் இதற்குப் பிரிவு (செக்‌ஷன்) வேண்டும், அதாவது தனி எண் வரிசை வைத்துக்கொள்ளும் பகுதி. இயல் தலைப்புக்கு முன் கர்சரை வைத்து லேஅவுட், பிரேக்ஸ், நெக்ஸ்ட் பேஜ். வெறும் பேஜ் பிரேக் தாளை மாற்றுமே தவிர பிரிவை மாற்றாது. பிறகு புதிய பிரிவின் ஃபுட்டரில் (பக்க அடிப்பகுதியில்) லிங்க் டு ப்ரீவியஸை அணையுங்கள். மறந்தால் ஒன்றைத் திருத்த இரண்டும் மாறும். கடைசியாக ஃபார்மேட் பேஜ் நம்பர்ஸில் ஸ்டார்ட் அட் 1.

ரைட்டர் பேஜ் ஸ்டைலில், அதாவது பக்க அமைப்புக்குப் பெயர் வைத்துச் சேமிக்கும் முறையில், இயங்குகிறது. முன்பகுதிக்கு ஒன்று, இயல்களுக்கு ஒன்று, ஃபுட்டரும் தனித்தனி. மேனுவல் பிரேக்கில் ஸ்டைலைத் தேர்ந்து, சேஞ்ச் பேஜ் நம்பரில் 1 கொடுத்தால் முடிந்தது. பக்க எண் ஃபீல்டின் ஆஃப்செட்டை (எண்ணைக் கூட்டிக் குறைக்கும் அமைப்பை) தொடாதீர்கள், கடைசிப் பக்கங்களில் எண்ணே மறைந்துவிடும்.

ரைட்டரில் பலர் திகைக்கும் இடம் வெற்றுத்தாள். அங்கே ஒற்றைப்படை எண் எப்போதும் வலப்பக்கம். முன்பகுதி 7இல் முடிந்து அடுத்தது 1 என்றால், நடுவில் ஒரு காலித்தாளை அதுவே செருகும். ஒருபக்க அச்சுக்கு அது வீண். பிடிஎஃப் ஆக்கும்போது, தானாகச் செருகிய காலித்தாளைச் சேர்க்கும் தேர்வை நீக்கலாம்.

நீண்ட ஆய்வேட்டுக்கு ரைட்டரே மேல். ஆனால் பைண்டிங் கடைக்கு மூலக் கோப்பைக் கொடுக்காதீர்கள், பிடிஎஃப் கொடுங்கள். அங்கே உங்கள் தமிழ் எழுத்துரு இல்லாவிட்டால் வரிகள் நகர்ந்து, பொருளடக்க எண்கள் எல்லாம் தப்பாகிவிடும்.