1966 எம்ஜிபி ரோட்ஸ்டர்: பச்சைப் பெயிண்டுக்கு அடியில் சிவப்பு

சிங்கப்பூர் காக்கி புக்கிட் பட்டறை ஒன்றில் விற்பனைக்கு நிற்கிறது இந்த எம்ஜிபி, திறந்த மேல்புறம் கொண்ட ஸ்போர்ட்ஸ் கார். இங்கிலாந்தின் அபிங்டன் தொழிற்சாலையில் 1966-ல் தயாரானது. பந்தயப் பச்சை, கம்பிச் சக்கரம், கறுப்புத் தோல் இருக்கை. பார்த்த மாத்திரத்தில் ஆளை மயக்கும் வண்டி. மயங்குவதற்கு முன் கையில் ஒரு டார்ச்சும் காந்தமும் எடுத்துக்கொண்டு, கூடவே வரும் ஃபைலையும் கேட்டு வாங்குங்கள்.

ஃபைலில் பிரிட்டிஷ் மோட்டார் இண்டஸ்ட்ரி ஹெரிட்டேஜ் டிரஸ்ட் தந்த சான்றிதழ் இருக்கிறது. தொழிற்சாலைப் பேரேட்டைப் பார்த்துத் தருவது என்பதால் இதை நம்பலாம். அதில் உள்ள நிறம் டார்ட்டன் ரெட். பூட்டில் ஸ்பேர் டயரை எடுத்து விரிப்பைத் தூக்கினால், ஒரு வெள்ளி நாணயம் அளவுக்குச் சிவப்பு எட்டிப் பார்க்கிறது. நிறம் மாற்றியதில் தப்பில்லை. விளம்பரத்தில் "ஒரிஜினல் பச்சை" என்று போட்டதுதான் தப்பு.

சேசிஸ் எண் ஜிஎச்என்3 என்று தொடங்குகிறது, பின்னால் 'எல்' இல்லை. அதாவது பிறக்கும்போதே வலப்பக்க ஸ்டீயரிங். அமெரிக்காவிலிருந்து வந்து இங்கே ஸ்டீயரிங் மாறிய வண்டிகளில் அந்த 'எல்' காட்டிக்கொடுத்துவிடும். எஞ்சின் எண் 18ஜிபி என்று தொடங்குகிறது, கிராங்க் தண்டைத் தாங்கும் மெயின் பேரிங் ஐந்து கொண்டது. 1964 கடைசியிலிருந்து 1967 வரையிலான வண்டிகளுக்கு இதுதான் சரி. 18வி என்று தொடங்கினால் எழுபதுகளின் எஞ்சினை மாட்டியிருக்கிறார்கள் என்று அர்த்தம். பிளாக்கில் உள்ள எண், சான்றிதழ், நிலப் போக்குவரத்து ஆணையத்தின் பதிவு மூன்றும் இந்த வண்டியில் ஒத்துப்போகின்றன.

உரிமையாளர்கள் ஐந்து பேர். ஆணையம் 1995-ல் உருவாவதற்கு முன்பிருந்த வாகனப் பதிவகத்தின் புத்தகம் பத்திரமாக இருக்கிறது. ஆனால் 1979 முதல் 1991 வரை ஒரு ரசீதுகூடக் கிடையாது. அதோடு, 1974 ரசீது ஒன்றில் ஓடிய தூரம் 58,200 மைல். இன்றைக்கு மீட்டர் காட்டுவது 31,440. ஐந்து இலக்க மீட்டர் ஒரு சுற்றுச் சுற்றி வந்திருக்கலாம், இல்லை மீட்டரையே மாற்றியிருக்கலாம். எப்படியானாலும் "31,000 மைல்தான் ஓடியது" என்ற பேச்சு எடுபடாது. தாம்சன் ரோடு பந்தயத்தில் ஓடிய வண்டி என்றும் விற்பவர் சொல்கிறார். அங்கே கிராண்ட் பிரீ நடந்தது 1961 முதல் 1973 வரை என்பதால் காலம் பொருந்துகிறது. வண்டி எண் தெரியும் படமோ பந்தய நிரலோ இல்லாத வரை அந்தக் கதைக்குத் தனிக் காசு கொடுக்காதீர்கள்.

இனி உடம்பு. எம்ஜிபிக்குத் தனிச் சட்டகம் கிடையாது. கதவுக்குக் கீழே ஓடும் சில் பெட்டிதான் முதுகெலும்பு. வெளித்தகடு, நடுத்தகடு, உள்தகடு, அடியில் காஸில் ரெயில் எல்லாம் சேர்ந்து பாரத்தைத் தாங்குகின்றன. வலப்பக்கம் ஒழுங்காகச் செய்திருக்கிறார்கள்: பின் விங்கோடு சில் சேரும் இடத்தில் செங்குத்துக் கோடு தெரிகிறது. இடப்பக்கம் அந்தக் கோட்டையே காணோம், காந்தமும் ஒட்டவில்லை. பழைய துருவின் மேல் புதுத் தகட்டைப் போர்த்தி, காந்தம் பிடிக்காத ஃபில்லர் பசையால் பூசிய வேலை. ஜாக் போட்டால் கதவின் இடைவெளி மாறுகிறது, கதவும் இறுகிக்கொள்கிறது. இதற்குமேல் சாட்சி வேண்டியதில்லை.

சரிசெய்ய வேண்டுமானால் கதவுத் திறப்பில் குறுக்கே இரும்புக் கம்பி பற்றவைத்த பிறகுதான் பழைய சில்லை வெட்ட வேண்டும். இல்லையென்றால் உடம்பு கோணிவிடும். முன் விங்கையும் கழற்றியாக வேண்டும், சில் அதற்குள்ளும் நீள்கிறது. தகடுகள் விலை குறைவு, கிடைப்பதும் சுலபம். கூலியும் மறு பெயிண்டும்தான் கையைக் கடிக்கும். அந்தத் தொகையைக் கழித்துக்கொண்டு பேரம் பேசுங்கள்.

எஞ்சின் நன்றாக இருக்கிறது. சூடான பின் ஓட்டத்தில் ஆயில் அழுத்தம் 55 பிஎஸ்ஐ, ஐடிலில் 20. 20டபிள்யூ-50 ஆயிலே போடுங்கள், ஜிங்க் சேர்த்ததாக இருக்கட்டும். நம் ஊர் வெயிலுக்கு 82 டிகிரி தெர்மோஸ்டாட்டை எடுத்துவிட்டு 74 டிகிரி போடலாம். தேக்காவில் நிறுத்திப் பத்து நிமிடம் கழித்து ஸ்டார்ட் ஆகவில்லை என்றால், எஸ்யூ கார்புரேட்டர் கிண்ணத்தில் பெட்ரோல் கொதித்துவிட்டது. சோக்கை இழுக்காதீர்கள், ஆக்ஸிலரேட்டரை முழுக்க மிதித்தபடி ஸ்டார்ட்டரைச் சுற்றுங்கள். கார்புரேட்டருக்குப் பின்னால் உள்ள வெப்பத் தடுப்புத் தகட்டில் ஒட்டியிருந்த பட்டை உதிர்ந்திருக்கிறது, அதை முதலில் மாற்றுங்கள்.

மின்சாரம்தான் இந்த வண்டியின் பலவீனம். லூகாஸ் சி40 டைனமோ அதிகபட்சம் 22 ஆம்பியர்தான் தரும். அதன் தலையில் மின்விசிறி ஒன்றையும் கட்டியிருக்கிறார்கள். மாலை மழையில் முன்விளக்கு, வைப்பர், விசிறி மூன்றும் ஓடி, சிக்னலில் ஐடிலும் சேர்ந்தால் பேட்டரி இறங்கத்தான் செய்யும். தவிர இது பாசிட்டிவ் எர்த், அதாவது பேட்டரியின் பாசிட்டிவ் முனைதான் பாடியோடு இணைந்திருக்கிறது. பழக்கதோஷத்தில் யாராவது கறுப்பு கிளிப்பை பாடியில் மாட்டி ஜம்ப் ஸ்டார்ட் செய்தால் வம்பு. இரண்டு 6 வோல்ட் பேட்டரிகளும் இருக்கைக்குப் பின்னால் இருக்கின்றன. மூடிமேல் "பாசிட்டிவ் எர்த்" என்று பெரிய எழுத்தில் எழுதி ஒட்டுங்கள்.

கியர்பாக்ஸில் முதல் கியருக்கு சிங்க்ரோ (பற்களின் வேகத்தைச் சமப்படுத்தும் அமைப்பு) இல்லை. வண்டி முழுக்க நின்ற பிறகே போட வேண்டும். அதில் வரும் முனகல் இயல்பானது. எஞ்சின் சுற்றைக் குறைக்கும் ஓவர்டிரைவ் மூன்றாம், நான்காம் கியர்களில் வேலை செய்கிறது.

பழைய வண்டிகளுக்கான கிளாசிக் திட்டத்தில் வருடத்துக்கு 45 நாள்தான் ஓட்ட முடியும். ஓடுவதைவிட நிற்பதில்தான் கெடும். பிரேக் ஆயில் ஈரத்தை இழுத்து, வீல் சிலிண்டர் இறுகிக்கொள்ளும். இரண்டு வருடத்துக்கு ஒருமுறை மாற்றுங்கள். முன் சக்கரத்தைத் தூக்கிவைத்து, சக்கரம் திரும்பும் அச்சான கிங்பின்னுக்குப் பக்கத்துக்கு மூன்று நிப்பிளிலும் கிரீஸ் அடியுங்கள். கம்பிச் சக்கரத்தைக் கழற்றி ஹப்பின் பற்களைப் பாருங்கள்: மேல்புறம் தட்டையாக இருந்தால் நல்லது, கத்திபோல் கூராகியிருந்தால் தேய்ந்துவிட்டது. இந்த வண்டியில் பின் இடது ஹப் மட்டும் கூராகத் தொடங்கியிருக்கிறது.