பல் எலும்பு ஒட்டுக்குக் கட்டிய 34,500 ரூபாய் போச்சு, நீங்களாவது உஷாராக இருங்கள்

இன்றோடு பதினோரு நாள். கன்னத்தைத் தொட முடிகிறது, கோபம்தான் அடங்கவில்லை. இன்னும் இரண்டு வாரம் போனால் "சரி, போய்த் தொலையட்டும்" என்று நானே விட்டுவிடுவேன், அதனால்தான் இப்போதே எழுதுகிறேன்.

எனக்குக் கீழ்க் கடைவாய்ப் பல் ஒன்று போய் மூன்று வருடம் ஆகிறது. தாடை எலும்பில் திருகிப் பொருத்தும் செயற்கைப் பல், அதாவது இம்ப்ளான்ட் வைக்கலாம் என்று புதுச்சேரியில் ஒரு தனியார் பல் கிளினிக்குக்குப் போனோம். பல் போன இடத்தில் தாடை எலும்பு தேய்ந்துவிட்டது, முதலில் அந்தப் பள்ளத்தைத் துகள் வைத்து நிரப்பும் எலும்பு ஒட்டு, அதாவது போன் கிராஃப்ட் செய்ய வேண்டும் என்றார்கள். அது பொய்யில்லை, பல் இல்லாத இடத்தில் எலும்பு கரையத்தான் செய்யும். மொத்தம் 34,500 ரூபாய், பதினைந்து நாள் வீட்டுப் பராமரிப்பு ஆலோசனையும் இதிலேயே அடக்கம் என்றார்கள். சீட்டு எடுத்த பணம் அது. மகளின் காலேஜ் ஃபீஸுக்கென்று ஒதுக்கி வைத்திருந்தேன்.

நான் எங்கே விழுந்தேன் என்று சொல்கிறேன். அந்த டாக்டர் மருந்துச் சீட்டின் பின்பக்கத்தில் தாடையை வரைந்தார். நடுவில் ஒரு பள்ளம். அந்தப் பள்ளத்தைப் பேனாவால் புள்ளி புள்ளியாக நிரப்பினார். "இந்தத் துகள் எல்லாம் ஆறு மாசத்துல உங்க எலும்போட சேர்ந்துடும்கா. ராத்திரி ரெண்டு மணின்னாலும் கூப்பிடுங்க, தம்பி மாதிரி நினைச்சுக்குங்க" என்று அதன் கீழேயே ஒரு நம்பரையும் எழுதிக் கொடுத்தார். அந்தச் சீட்டை மடித்துப் பர்ஸில் வைத்தபோது, நல்ல மனுஷன் கையில்தான் வந்து சேர்ந்தோம் என்று நினைத்தேன்.

ஆபரேஷன் முடிந்து கிளம்பும்போது எப்படிப் பார்த்துக்கொள்ள வேண்டும் என்று என் வீட்டுக்காரர் கேட்டார். "எல்லாம் வாட்ஸ்அப்ல அனுப்பிடுறோம் சார்" என்றது கவுன்டரில் இருந்த பெண். மாத்திரைச் சீட்டு மட்டும் கையில் வந்தது. கடலூர் பஸ்ஸில் கன்னத்தைப் பிடித்துக்கொண்டு மஞ்சக்குப்பம் வந்து சேர்ந்தேன். வாட்ஸ்அப்பில் எதுவும் வரவில்லை.

பல் வலி என்றால் நம் வீடுகளில் என்ன செய்வோம்? வெந்நீரில் கல் உப்பு போட்டுக் கொப்பளிப்போம். மாமியார் அக்கறையாகத்தான் கலந்து கொடுத்தார். அன்று இரவே மூன்று தடவை நன்றாகக் கொப்பளித்துத் துப்பினேன். மூன்றாவது தடவை நாக்கில் மணல் போல நெருடியது. உள்ளங்கையில் துப்பி டியூப்லைட்டுக்குக் கீழே பார்த்தால், ரத்தத்தோடு ரவை மாதிரி வெள்ளை மணிகள். எனக்குக் கை நடுங்கிவிட்டது. அந்த நம்பருக்கு அடித்தேன். ஸ்விட்ச் ஆஃப். அது கிளினிக் கவுன்டர் போன் என்று மறுநாள்தான் தெரிந்தது, எட்டு மணிக்கு மேல் அணைத்துவிடுவார்களாம்.

அதற்குப் பிறகு நடந்ததை நினைத்தால் வயிறு எரிகிறது. மறுநாள், "ரெண்டு மூணு துகள் வர்றது நார்மல் மேடம்." நாலாம் நாள் தையல் பிரிந்து, வாயில் கெட்ட வாடை, "டாக்டர் கேஸ்ல இருக்கார்." அடுத்த நாள், "அவர் சென்னையிலிருந்து ஞாயித்துக்கிழமை மட்டும்தான் வருவார்." பணம் வாங்கும்போது இதை ஒருவர்கூடச் சொல்லவில்லை. கடைசியில் அதே டாக்டர், தன்னைத் தம்பியாக நினைத்துக்கொள்ளச் சொன்னவர், "நீங்க கொப்பளிச்சதுதான் காரணம். திரும்பப் போடணும்னா 18,000 ஆகும்" என்றார். கொப்பளிக்கக் கூடாது என்று யார் சொன்னது எனக்கு? 34,500 வாங்கியவர்களுக்கு ஒரு தாள் கொடுக்க முடியாதா?

உள்ளே என்ன பொருள் வைத்தார்கள் என்று கேட்டேன். மாட்டு எலும்பிலிருந்து எடுப்பதும் உண்டு, செயற்கையாகச் செய்வதும் உண்டு என்கிறார்கள். எதுவானாலும் எனக்குத் தெரிய வேண்டாமா? "பெட்டியைத் தூக்கிப் போட்டாச்சு மேடம்" என்று பதில். பில்லில் "சிகிச்சைக் கட்டணம் 34,500" என்று ஒரே வரி.

புதுச்சேரி கோரிமேட்டில் இருக்கும் அரசு பல் மருத்துவக் கல்லூரிக்குப் போனேன். சின்ன வயசுப் பெண் டாக்டர்தான், பொறுமையாகச் சுத்தம் செய்துவிட்டு, வைத்ததில் பெரும்பகுதி போய்விட்டது, புண் ஆறிச் சில மாதம் கழித்துத்தான் மறுபடி யோசிக்கலாம் என்றார். கிளினிக் சொல்லாததை எல்லாம் ஐந்தே நிமிடத்தில் அவர் சொன்னார்.

விரிவாக எழுத நினைத்தேன், தாடை விண்விண் என்கிறது. அவசரத்துக்கு இதை மட்டும் பிடித்துக்கொள்ளுங்கள். முதல் 24 மணி நேரம் கொப்பளிக்கவே கூடாது, காறித் துப்பக் கூடாது. ஸ்ட்ரா வைத்து இளநீர் உறிஞ்சாதீர்கள். வெந்நீர் ஒத்தடம் வேண்டாம், கன்னத்துக்கு வெளியே ஐஸ் வையுங்கள். ஆறவைத்த கஞ்சி, குழைத்த தயிர்சாதம் போதும். இரண்டு மூன்று நாள் வரை வீக்கம் ஏறும், அதற்குப் பயப்படாதீர்கள். அதன் பிறகும் ஏறினாலோ, சீழோ காய்ச்சலோ வந்தாலோ போனில் மன்றாடிக்கொண்டிருக்காமல் வேறு டாக்டரிடம் ஓடுங்கள். வைத்த பொருளின் ஸ்டிக்கரையும், என்ன செய்யலாம் கூடாது என்ற தாளையும் வாங்காமல் பணம் கட்டாதீர்கள்.

நுகர்வோர் உதவி எண் 1915இல் பேசிவிட்டேன். வழக்குப் போட இரண்டு வருடம் அவகாசம் உண்டு, நான் குடியிருக்கும் கடலூரிலேயே போடலாம். அந்த ஒற்றை வரிப் பில்லையும், புள்ளி வைத்து வரைந்த அந்தச் சீட்டையும் ஜெராக்ஸ் எடுத்து வைத்திருக்கிறேன்.