கம்ப்ரசர் மோட்டார் எரிஞ்சா என்ன பண்றது: காயில் கட்டுறதா, புது சிங்கிள் ஃபேஸா, த்ரீ ஃபேஸும் டிரைவுமா?

வீட்டுக்குப் பின்னாடி ஷெட்ல ஒரு 2 எச்பி பெல்ட் கம்ப்ரசர் வச்சிருக்கேன், பழைய ஸ்கூட்டர் பாடிக்கு பெயின்ட் அடிக்க. போன தை மாசம் ஒரு சாயங்காலம் 'ம்ம்ம்'னு உறுமிட்டு சுத்தாம நின்னுச்சு, ஓடிப்போய் சுவிட்ச ஆஃப் பண்றதுக்குள்ள வார்னிஷ் கருகுன வாசம் ஷெட்டு பூரா வந்துருச்சு. கோயமுத்தூர்ல இருக்கறதால மோட்டாருக்கும் காயில் கட்டுறவங்களுக்கும் பஞ்சமே இல்ல, அதனாலயே எதுக்குப் போறதுன்னு ஒரு வாரம் கொழம்புனேன்.

காயில் கட்டுறதுதான் செலவு கம்மி. தெரிஞ்ச கடையில 3,500 சொன்னாங்க, காப்பர் வயர்ல. அலுமினியம்னா இன்னும் கொறையும், ஆனா அதுக்குப் போகவே போகாதீங்க. பேரிங்கையும் கையோட மாத்தச் சொல்லிடுங்க. இதுல வேற பெருசா சொல்ல ஒண்ணும் இல்ல.

புது சிங்கிள் ஃபேஸ் மோட்டார்னா ரெண்டு விஷயம் பாத்துக்கணும். ஒண்ணு, கெப்பாசிட்டர் ஸ்டார்ட் வகையா இருக்கணும். தண்ணி பம்புல வர்ற மாதிரி ரன் கெப்பாசிட்டர் மட்டும் உள்ளத வாங்குனா கம்ப்ரசர இழுத்து ஸ்டார்ட் பண்ற சக்தி அதுக்குப் பத்தாது. ரெண்டு, பழசு 1440 ஆர்பிஎம்னா புதுசும் 1440தான், 2880 வாங்கி அதே புல்லிய மாட்டுனா பம்பு ரெட்டை வேகத்துல சுத்தி சூடாகி வால்வு போயிரும்.

ஆனா நான் கடைசில முடிவு பண்ணுனது விலைய வச்சு இல்ல, ஸ்டார்ட்டிங்க வச்சுத்தான். கம்ப்ரசர் மோட்டார் ஓடுறப்ப சாகறதில்லங்க, ஸ்டார்ட் ஆகுறப்பதான் சாகுது. எரிஞ்ச மோட்டார கழட்டி பின்னாடி மூடியத் தொறந்து பாத்தேன், சென்ட்ரிஃபியூகல் சுவிட்ச் பாயின்ட் ரெண்டும் கருகி, மிளகு மாதிரி கொப்புளம் கொப்புளமா இருந்துச்சு. மோட்டார் முக்கால் வேகத்துக்கு வந்ததும் இந்த சுவிட்ச்தான் ஸ்டார்ட் காயில கட் பண்ணி விடணும். ஒவ்வொரு தடவ டேங்க் பிரஷர் எறங்கும்போதும் மோட்டார் அஞ்சாறு மடங்கு கரன்ட இழுத்து கெளம்புது, பெயின்ட் அடிக்கிற அன்னிக்கு இது எத்தன தடவ நடக்கும்னு நீங்களே யோசிச்சுப் பாருங்க. இதுல எங்க ஏரியால சாயங்காலம் வோல்டேஜ் 180க்கு எறங்கிரும். டார்க், அதாவது மோட்டார் சுத்துற இழுவை, வோல்டேஜோட ஸ்கொயர்ல கொறையுங்கறதால 230ல கெடைக்கற இழுவைல 60 சதவீதம்தான் மிச்சம், மோட்டார் அந்த முக்கால் வேகத்துக்கே வராது, சுவிட்ச் பிரியாது, ஸ்டார்ட் காயில் லைன்லயே கெடந்து வெந்துபோகுது. காயில் கட்டுனாலும் புதுசு வாங்குனாலும் இதே சுவிட்ச், இதே கெப்பாசிட்டர், இதே சாயங்காலம்தான்.

அதனாலதான் த்ரீ ஃபேஸ் மோட்டாருக்குப் போனேன். அதுல சுவிட்சும் இல்ல, கெப்பாசிட்டரும் இல்ல, தேயறதுன்னா ரெண்டு பேரிங் மட்டும்தான். இங்க உக்கடத்துல பழைய 2 எச்பி மோட்டார் ஒண்ணு எடுத்தேன், அதோட சிங்கிள் ஃபேஸ் உள்ள வாங்கி த்ரீ ஃபேஸ் வெளிய குடுக்கற, ஹெர்ட்ஸ மாத்தி மோட்டார் வேகத்தயும் கூட்டிக் கொறைக்கற ஒரு 1.5 கிலோவாட் டிரைவ். ரெண்டும் சேத்து புது சிங்கிள் ஃபேஸ் மோட்டார விட ரெண்டாயிரம் கூடத்தான் ஆச்சு.

இந்த டிரைவ் உள்ள வர்ற 230 வோல்ட் அளவுக்குத்தான் வெளிய குடுக்கும், அதனால 415 வோல்ட்டுக்கு ஸ்டார் கனெக்‌ஷன்ல இருக்கற மோட்டார டெல்டா கனெக்‌ஷனுக்கு மாத்தணும். அதுக்கு வாங்கறப்பவே டெர்மினல் பாக்ஸத் தொறந்து வயர எண்ணுங்க. ஆறு இருந்தா அதுகள இணைக்கற தகட்டுப் பட்டிய மாத்தி ஸ்டார்ல இருந்து டெல்டாவுக்குக் கொண்டுவந்துரலாம். மூணுதான் வெளிய வந்திருக்குன்னா மூணு காயில் முனையும் ஒண்ணா சேர்ற ஸ்டார் பாயின்ட உள்ளயே கட்டியிருப்பாங்க, காயில் கட்டுறவர்ட்ட குடுத்துப் பிரிச்சு எடுக்கணும். என் மோட்டார் மேல இருக்கற பெயர்த்தகட்டுல 415 வோல்ட் ஸ்டார், 3.4 ஆம்ப்ஸ்னு இருந்துச்சு, டெல்டாவுல அது 240 வோல்ட், 5.9 ஆம்ப்ஸ், டிரைவ்ல இந்த 5.9தான் போடணும். 3.4ஐயே போட்டா சும்மா சும்மா ட்ரிப் ஆகும்.

டேங்க் பிரஷரப் பாத்து மோட்டார ஆன் ஆஃப் பண்ற பிரஷர் சுவிட்ச மட்டும் டிரைவுக்கும் மோட்டாருக்கும் நடுவுல போட்றாதீங்க, ஓடுறப்ப கட் ஆனா டிரைவ் போயிரும். அத டிரைவோட ரன் டெர்மினலுக்குக் கொண்டுபோயிருங்க. நான் அப்படிப் போட்டும் மொதல்ல ஸ்டார்ட் ஆகல, பழைய பாயின்ட்ல கரி ஏறி அந்தச் சின்ன சிக்னல் போகாம இருந்துச்சு, எமரி பேப்பர்ல லேசா தேச்சதும் சரியாயிருச்சு.

இப்ப 3 செகண்ட்ல மெதுவா வேகம் புடிச்சுக் கெளம்புது, வீட்ல லைட் மங்கறதில்ல. வோல்டேஜ் கொறஞ்ச நேரத்துல வழக்கமான 50 ஹெர்ட்ஸ் இல்லாம 40 ஹெர்ட்ஸ்லயே, வேகத்தக் கொறச்சு ஓட்டிக்கறேன். 35க்குக் கீழ எறக்கறதில்ல, பம்புல எண்ணெய் கிராங்க் சுத்தி தெறிச்சுத்தான் மேல ஏறணும், வேகம் பத்தலன்னா பிஸ்டன் காஞ்சுரும். ஒரு நாள் அன்லோடர் வால்வு, அதாவது மோட்டார் நின்னதும் பம்பு பக்கம் மாட்டுன காத்த வெளிய விடற வால்வு, அடைச்சு, நிக்கறப்ப வர்ற 'புஸ்' சத்தம் வரல, அடுத்த ஸ்டார்ட்ல டிரைவ் ஓவர்லோடு காட்டி நின்னுருச்சு. பழைய மோட்டாரா இருந்தா அன்னிக்கே திரும்ப காயில் கட்டக் குடுத்திருக்கணும்.

டிரைவப் பத்தி என் அனுபவம் எட்டு மாசம்தான், ஒரு முழு மழைக்காலத்தக் கூட அது இன்னும் பாக்கல. இடி மின்னல்னா பிளக்கப் புடுங்கிடறேன். தூசி படாம ஒரு தகரப் பெட்டிக்குள்ள காத்துப் போக வழி விட்டு வச்சிருக்கேன். எர்த் நல்லா இருக்கணும், கரன்ட் கசிஞ்சா லைன கட் பண்ற ஆர்சிசிபி ஒண்ணு ரெண்டு தடவ காரணமில்லாம விழுந்துச்சு, டிரைவுக்குத் தனி லைன் இழுத்தப்புறம் விழல. டிரைவ் போனா தெருமுனைக் கடையில சரி பண்ண முடியாது, அது உண்மை. வாரத்துக்கு ஒருக்கா டயருக்குக் காத்தடிக்க மட்டும்தான், வோல்டேஜும் நல்லா வருதுன்னா காயில் கட்டிட்டுப் போயிருங்க, போதும்.

எதுக்குப் போனாலும் ஷாஃப்ட் அளவ மொதல்ல பாத்துருங்க. எனக்கு ரெண்டுமே 24 எம்எம், பழைய புல்லி அப்படியே உக்காந்துச்சு. எரிஞ்ச மோட்டாரயும் தூக்கிப் போடல. காயில் கட்டி மரம் அறுக்கற மெஷினுக்குப் போடலாம்னு இருக்கேன், அதுல கெளம்பறப்ப லோடே கெடையாது, அந்த சுவிட்சுக்கு அது தாங்கும்.