தனித்தனியே கேட்பதா, எதிரெதிரே அமர்த்துவதா? பணியிடப் பூசலில் தலைவருக்குள்ள வழிகள்

திருப்பூரில் எந்தப் பின்னலாடை ஏற்றுமதி நிறுவனத்தை எடுத்துக்கொண்டாலும், வாங்குபவரோடு பேசி ஆர்டரைக் கவனிக்கும் மெர்ச்சண்டைசருக்கும் புரொடக்‌ஷன் மேனேஜருக்கும் இடையே உரசல் இல்லாமல் இருப்பது அரிது. துணி தாமதமாக வந்தது என்பார் ஒருவர். வந்த துணியைக் கட்டிங்குக்கே எடுக்கவில்லை என்பார் மற்றவர். ஷிப்மென்ட் தேதி தவறி, கப்பலில் போக வேண்டிய சரக்கை விமானத்தில் அனுப்ப நேர்ந்துவிட்டால், அந்தச் செலவு யார் தலையில் என்று பூசல் முற்றிவிடும்.

அந்நிலையில் பெரும்பாலான முதலாளிகள் இருவரையும் தனித்தனியே அழைத்துப் பேசுகிறார்கள். அனைவர் முன்னிலையிலும் யாருக்கும் தலைகுனிவு நேராது, வாய் திறக்கத் தயங்குபவரும் மனம்விட்டுப் பேசுவார் என்பவை இதன் நன்மைகள். ஆயினும், ஆறுதலுக்காகச் சொன்ன ஒரு வார்த்தையைத் தமக்குச் சாதகமான தீர்ப்பாக எடுத்துக்கொண்டே இருவரும் அறையை விட்டு வெளியேறுவார்கள், அடுத்த முறை மோதும்போது, “எம்.டி.யே என்னிடம் ஒப்புக்கொண்டார்” என்று இருவருமே சொல்வார்கள். உண்மையை அறிய இவ்வழி உதவலாம். தீர்வு காண இதை மட்டும் நம்புவது ஆபத்து என்பதே என் கருத்து.

இருவரையும் ஒரே மேசையில் அமர்த்துவது இதைவிடக் கடினம், ஆனால் பயன் மிக்கது. வெறுங்கையோடு அமர்த்தினால் அது வாக்குவாதமாகவே முடியும் என்பதால், அந்த ஆர்டரின் தேதிகள் எழுதிய தாள் நடுவில் இருக்க வேண்டும்: லேப் டிப் எனும் சாய நிற மாதிரிக்குப் பையரின் (சரக்கை வாங்குபவரின்) ஒப்புதல் வந்த நாள், சாயமிடும் டையிங்கிலிருந்து துணி இறங்கிய நாள், கட்டிங் தொடங்கிய நாள். ஒப்புதலே இரண்டு வாரம் தள்ளி வந்திருக்க, பழைய ஷிப்மென்ட் தேதியை மாற்றித் தருமாறு பையரிடம் யாருமே கேட்கவில்லை என்பது அந்தத் தாளில் தெரியவந்தால், பேச்சு ஆளை விட்டு நடைமுறைக்குத் திரும்பிவிடும். மேலாண்மைச் சிந்தனையாளர் மேரி பார்க்கர் ஃபாலெட் 1925-இலேயே ஆதிக்கம், சமரசம், ஒருங்கிணைப்பு என மூன்று வழிகளைப் பிரித்துக் காட்டி, மூன்றாவதையே சிறந்ததென வாதிட்டார். நூலகத்தின் சிறிய அறை ஒன்றில் சன்னலைத் திறக்க ஒருவரும் மூட மற்றவரும் விரும்பியபோது, பக்கத்து அறைச் சன்னலைத் திறந்ததில் இருவர் தேவையும் நிறைவேறியதை அவர் உதாரணமாகச் சொன்னார்.

சமரசம் என்ற பெயரில் விமானச் செலவை இரு பிரிவுகளின் கணக்கிலும் பாதிப் பாதியாக எழுதுவது பலருக்கு நியாயமாகத் தோன்றுகிறது. தவறு எங்கே நேர்ந்தது என்பதை அது மறைத்துவிடுவதால், அடுத்த ஆர்டரிலும் அதே தாமதம் வரும். சரக்கு மறுநாள் துறைமுகம் சேர்ந்தாக வேண்டும் என்ற நெருக்கடியில் தலைவர் தாமே ஆணையிடுவதுதான் சரி. கலந்துபேச அப்போது நேரமில்லை. ஆனால் சரக்கு போனபின் அந்தத் தாளோடு உட்காரத் தவறும் தலைவர், ஆணையிடுவதையே வழக்கமாக்கிக்கொள்கிறார்.

ஒரே மேசை என்ற வழி சமநிலையில் உள்ளவர்களுக்கே பொருந்தும். சூப்பர்வைசரை எதிரில் வைத்துக்கொண்டு ஒரு டெய்லரைப் பேசச் சொன்னால் அவர் பேசமாட்டார். அங்கே முதலில் தனியே கேட்பதே முறை. 20 அல்லது அதற்கு மேற்பட்ட தொழிலாளர் உள்ள நிறுவனங்களில், நிர்வாகமும் தொழிலாளரும் சம எண்ணிக்கையில் இடம்பெறும் குறைதீர்ப்புக் குழுவைச் சட்டமே கோருகிறது. முதலாளியின் நேரடித் தலையீட்டைவிட இது மெதுவானது என்றாலும், தனி ஆளாகப் புகார் சொல்ல அஞ்சுபவருக்கு இதுவே துணை.

பாலியல் துன்புறுத்தல் புகாரில் மேற்சொன்ன ஒப்பீட்டுக்கே இடமில்லை. இருவரையும் அழைத்து “பேசித் தீர்த்துக்கொள்ளுங்கள்” என்று சொல்லும் உரிமை தலைவருக்குக் கிடையாது. 2013-ஆம் ஆண்டுச் சட்டப்படி 10 பேருக்குக் குறையாமல் பணிபுரியும் இடத்தில் இத்தகைய புகாரை விசாரிக்க உள்ளகக் குழு இருக்க வேண்டும். பாதிக்கப்பட்ட பெண்ணே கேட்டாலன்றி அக்குழுகூட சமரசத்தில் இறங்க முடியாது. விசாரணைக்கு 90 நாள்களும், பரிந்துரையை நிறுவனம் நிறைவேற்ற 60 நாள்களும் சட்டம் தந்துள்ள அவகாசம்.