சூடான ஃபிளேஞ்சுக்கு 10.9 போல்ட்டா, பி7 ஸ்டட்டா?

ஃபிளேஞ்ச் என்பது இரு குழாய் முனைகளை, நடுவில் கேஸ்கெட் (கசிவைத் தடுக்கும் அடைப்பு) வைத்து இணைக்கும் விளிம்பு. ஸ்டட் என்பது தலையில்லாத, நட் போட்டு இறுக்கும் புரித்தண்டு. அறை வெப்பநிலையில் வலிமையை மட்டும் பார்த்தால் 10.9 எளிதாக முந்திவிடும். அதன் பெயரளவு இழுவலிமை 1000 மெகாபாஸ்கல், ஈல்டு (நிரந்தரமாக நீளத் தொடங்கும் அழுத்தம்) 900. ஏஎஸ்டிஎம் ஏ193 தரத்தின் பி7 ஸ்டட்டுக்கு, சுமார் 64 மி.மீ. விட்டம் வரை, குறைந்தபட்ச இழுவலிமை 860, ஈல்டு 720தான். அப்படியிருந்தும் 300 டிகிரி செல்சியஸுக்கு மேல் மாதக்கணக்கில் ஓடும் நீராவி, வெப்ப எண்ணெய் ஃபிளேஞ்சுகளுக்கு என் தேர்வு பி7தான். மேலே சொன்ன எண்கள் எல்லாம் குளிர்ந்த போல்ட்டில் எடுத்தவை.

இரண்டுமே சூடாக்கிச் சட்டெனக் குளிரவைத்து, பிறகு டெம்பரிங் செய்த, அதாவது மிதமான வெப்பத்தில் மறுபடி சூடாக்கிப் பதப்படுத்திய எஃகு. எந்த வெப்பத்தில் டெம்பரிங் நடந்தது என்பதில்தான் விஷயம் இருக்கிறது. 10.9 வகுப்புக்கு, போல்ட்டுகளுக்கான ஐஎஸ்ஓ 898-1 தரம் கேட்கும் குறைந்தபட்ச டெம்பரிங் வெப்பம் 425 டிகிரி. பி7க்கு 593. ஆக 400 டிகிரி ஃபிளேஞ்சில் மாட்டிய 10.9 போல்ட், தான் பதப்பட்ட உலைக்குள்ளேயே திரும்பவும் உட்கார்ந்திருப்பது போலத்தான். டெம்பரிங்கில் வெப்பத்தோடு நேரமும் சேர்ந்து வேலை செய்யும். ஆலையில் ஒன்றிரண்டு மணி நேரத்தில் நிறுத்திய மாற்றம் பைப்லைனில் மெதுவாகத் தொடர்கிறது. எஃகுக்கு வலிமை தரும் நுண்ணிய கார்பைடு துகள்கள் பருத்து, கடினத்தன்மை இறங்குகிறது. பி7க்கு அந்த எல்லை இன்னும் கிட்டத்தட்ட 190 டிகிரி தள்ளி இருக்கிறது. அதில் உள்ள மாலிப்டினமும் கார்பைடு பருப்பதைத் தாமதப்படுத்தும்.

இன்னொன்றையும் கவனிக்க வேண்டும். 10.9 என்பது வலிமை வகுப்பு மட்டுமே, குறிப்பிட்ட ஒரே எஃகின் பெயர் அல்ல. போரான் சேர்த்த கார்பன் எஃகிலும் செய்யலாம், உலோகக்கலவை எஃகிலும் செய்யலாம். தலையில் குத்திய முத்திரை இரண்டுக்கும் ஒன்றே. குளிரில் இரண்டும் ஒன்றுபோல நடக்கும், சூட்டில் நடக்காது. பி7 என்றால் குரோமியம்-மாலிப்டினம் எஃகு என்று கலவையும் சேர்ந்தே உறுதியாகிறது. ஐஎஸ்ஓ 898-1 கூடத் தன் போல்ட்டுகளை 150 டிகிரிக்கு மேல் கொண்டுபோகுமுன் உலோகவியல் அறிந்தவரிடம் கேட்கச் சொல்கிறது.

இனி உண்மையான பிரச்சினை: இறுக்கம் தளர்வது. சூட்டில் போல்ட் அறுந்து விழுவது அபூர்வம். இறுக்கம் போய்க் கசிவதுதான் வழக்கம். பி7 ஸ்டட்டை ஈல்டில் பாதிக்கு, அதாவது 360 மெகாபாஸ்கலுக்கு இறுக்குகிறோம் என்று வைத்துக்கொள்ளுங்கள். பிடிநீளம் (நட்டுகளுக்கு இடையே உள்ள நீளம்) 100 மி.மீ. என்றால் அது நீளுவது சுமார் 0.18 மி.மீ. கேஸ்கெட்டை அழுத்திப் பிடிப்பதெல்லாம் அந்தச் சிறு நீட்சிதான். அதில் 0.05 மி.மீ. ஊர்வினால் (சூட்டில் தொடர் அழுத்தத்தின் கீழ் உலோகம் மெல்ல நீளுவதால்) நிரந்தர நீட்சியாக மாறினால் பிடியில் கால் பங்குக்கு மேல் காலி. நட் சுழன்றிருக்காது, அளந்தால் நீளமும் மாறியிருக்காது, பார்வைக்கு எல்லாம் சரியாகவே இருக்கும்.

10.9 வலிமையானதுதானே, கூடுதலாக இறுக்கி இழப்பை ஈடுகட்டலாமே என்று கேட்பவர்கள் உண்டு. பலிக்காது. அழுத்தம் கூடக் கூட ஊர்வு வேகமெடுக்கும். கூடுதலாகக் கொடுத்த இறுக்கமே முதலில் கரையும். நீளமான ஸ்டட்டும், நட்டுக்கு அடியில் போடும் ஸ்லீவும் கேஸ்கெட் அமுங்குவதால் வரும் இழப்பைக் குறைக்கும். ஆனால் ஸ்டட் முழுவதும் சூடாக இருந்தால் ஊர்வு இழப்பின் விகிதம் நீளத்தால் குறையாது.

பி7ஐ 400 டிகிரி வரை தயங்காமல் போடலாம். அங்கிருந்து 450க்குள் இறுக்கத்தைச் சரிபார்த்துக்கொண்டே இருக்க வேண்டும். அதற்கும் மேலே, அதே ஏ193 தரத்தில் வனேடியம் சேர்த்த பி16. அதன் குறைந்தபட்ச டெம்பரிங் 650 டிகிரி. 500ஐத் தாண்டினால் தயாரிப்பாளரின் தளர்வு வளைவைக் (சூட்டில் நாளடைவில் இறுக்கம் எவ்வளவு குறையும் என்று காட்டும் வரைபடம்) கையில் வைத்துக்கொண்டுதான் முடிவெடுப்பேன், பொதுவாக ஓர் எண்ணைச் சொல்லிவிட மாட்டேன்.

‘துருப்பிடிக்காத பி8 போட்டுவிடலாமே’ என்ற யோசனையும் வரும். கார்பன் எஃகு ஃபிளேஞ்சில் அது வேண்டாம். பி8 கார்பன் எஃகைவிட ஒவ்வொரு டிகிரிக்கும் மீட்டருக்குச் சுமார் 4 மைக்ரான் அதிகம் விரியும். 300 டிகிரி ஏறினால் 200 மெகாபாஸ்கலுக்கு மேல் இறுக்கம் போகும். முதல் வகுப்பு பி8இன் ஈல்டே 205தான்.

10.9க்கு உரிய இடம் கட்டடச் சட்டகம். அங்கே சூடு என்பது தீ விபத்து மட்டுமே. மாதக்கணக்கு ஊர்வு என்ற பேச்சில்லை. யூரோகோடு 3இன் தீப்பகுதி தரும் கணக்கில் போல்ட் வலிமை 400 டிகிரியில் 77.5 சதவீதம், 500இல் 55, 600இல் வெறும் 22. 400இல் எஃகுத் தகட்டின் ஈல்டுக்குக் குறைப்பே கிடையாது. போல்ட்டோ கிட்டத்தட்ட கால் பங்கை இழந்திருக்கும். அதனால் தீக்காப்புப் பூச்சு இணைப்பையும் மூட வேண்டும். தீக்குப் பிறகு 10.9 போல்ட்டின் கடினத்தன்மை 320 விக்கர்ஸுக்குக் கீழே இருந்தால் அதை மாற்றிவிட வேண்டும்.

துத்தநாகப் பூச்சு போல்ட்டைச் சூடான ஃபிளேஞ்சுக்குக் கொண்டுபோகாதீர்கள். துத்தநாகம் உருகுவது 419 டிகிரியில் என்றாலும், அதற்கு முன்பே எஃகின் படிகத் துகள்களுக்கு இடையே உள்ள எல்லைகளில் ஊடுருவி அதை நொறுங்கவைக்கும். 200ஐ எல்லையாக வைத்துக்கொள்வது நல்லது. டெஃப்லான் பூச்சுக்கு 260.

பி7க்கு 2எச் தர நட் போடுங்கள். நிக்கல் ஆன்டி-சீஸைப் (புரி இறுகிப் பிடித்துக்கொள்ளாமல் தடுக்கும் பசை) புரியிலும் நட்டின் முகத்திலும் தடவி, அந்தப் பசைக்கான உராய்வு எண்ணைக் கொண்டே டார்க்கைக் (இறுக்கும் முறுக்குவிசை) கணக்கிடுங்கள். இலக்கில் 30, 70, 100 சதவீதம் என்று குறுக்குக் குறுக்காக ஏற்றி, கடைசியில் வரிசையாக ஒரு சுற்று. 4 மணி நேரம் கழித்து மறுபடி ஒரு சுற்று. கேஸ்கெட் அமுங்கிய இழப்பு அதில் மீளும். ஓட்டத் தொடங்கி ஃபிளேஞ்ச் 150 முதல் 230 டிகிரிக்குள் இருக்கும்போது இன்னொரு முறை இறுக்கலாம். கேஸ்கெட் தயாரிப்பாளர் கூடாது என்று சொல்லியிருந்தால் மட்டும் வேண்டாம். அதற்கு மேல் சூட்டில், கசியும் ஃபிளேஞ்சை அழுத்தத்தோடு இறுக்கப் போகாதீர்கள். லைனை இறக்கி, ஸ்டட்டுகளையும் கேஸ்கெட்டையும் மாற்றுங்கள்.