"4ஆம் நூற்றாண்டு நற்செய்தித் துண்டு": 2,940 யூரோவை விழுங்கிவிட்டு "இது விவாதத்துக்குரியது" என்கிறார்கள்

கோபம் ஆறுவதற்குள் எழுதிவிடுகிறேன். பழம்பொருள் ஏலம் நடத்தும் ஓர் ஐரோப்பிய இணையதளத்தில் "ஆரம்பகாலக் கிறிஸ்தவச் சுவடி, காப்டிக், 4ஆம் நூற்றாண்டு, இதுவரை அறியப்படாத நற்செய்தி" என்று போட்டிருந்த பாப்பிரஸ் (நாணல் தாள்) துண்டை எங்கள் காப்டிக் வாசிப்புக் குழு வாங்கியது. காப்டிக் என்பது பழைய எகிப்தியக் கிறிஸ்தவர்களின் மொழி. ஏல விலை 2,450 யூரோ, அவர்களுடைய கட்டணம் 20 சதவீதம், ஆக மொத்தம் 2,940 யூரோ. துண்டு போலி. பணம் திரும்பாது என்று இறுதிப் பதிலும் வந்துவிட்டது. தளத்தின் பெயரை இங்கே போடவில்லை. ஆனால் இதே பாணியில் விற்கும் தளங்கள் பல. சுவடி சேகரிப்பவர்களும், சபைக் காட்சிக்கூடத்துக்கோ இறையியல் கல்லூரிக்கோ ஏதாவது வாங்க நினைப்பவர்களும் தயவுசெய்து முழுதும் படியுங்கள். என்னென்ன பார்க்க வேண்டும் என்று கடைசியில் வரிசையாகத் தருகிறேன்.

முதலில், எந்த இடத்தில் நம்ப வைத்தார்கள் என்பதைச் சொல்கிறேன். அடுத்தவரையும் அங்கேதான் பிடிப்பார்கள்.

துண்டு 7 செ.மீ.க்கு 4.5 செ.மீ. இரண்டு கண்ணாடிகளுக்கு நடுவே வைத்து, நாலு ஓரமும் நாடா ஒட்டி, மேலே முத்திரை. ஒரு பக்கம் 6 வரிகள், பின்பக்கம் ஏறக்குறைய அழிந்த மை. கூடவே மூன்று காகிதங்கள்: கார்பன் தேதி (பொருளின் வயதை அதிலுள்ள கார்பனை அளந்து கணிக்கும் சோதனை) அறிக்கையின் நகல், பழைய உரிமையாளருக்கு ஒரு பேராசிரியர் தட்டச்சில் எழுதியதாகச் சொல்லும் கடிதத்தின் நகல், தளமே அடித்துக் கொடுத்த உண்மைச் சான்றிதழ். இவை மட்டும் என்றால் யாரும் பணம் அனுப்பியிருக்க மாட்டார்கள். காணொளி அழைப்பில் அவர்களுடைய "நிபுணர்" வந்தார். கண்ணாடியை விளக்குக்குக் கீழே சாய்த்து, நாணல் நார்கள் குறுக்கும் நெடுக்குமாக ஓடுவதைக் காட்டினார். "பெஜே ஈசூஸ்", அதாவது "இயேசு சொன்னார்", என்ற வரியைத் தடுமாறாமல் வாசித்தார். இயேசு பெயரைச் சுருக்கி எழுதி மேலே கோடு போடும் வழக்கத்தையும் அவராகவே விளக்கினார். பிறகு சொன்னார்: "எந்தப் பல்கலைக்கழகத்தில் வேண்டுமானாலும் காட்டுங்கள். போலி என்று தெரிந்தால் முழுப் பணமும் உங்கள் கணக்கில்." அந்த வாக்கியத்தை நம்பித்தான் 2,940 யூரோ போனது, அதுவும் வங்கிப் பரிமாற்றமாக. வேறு வழியில் பணம் வாங்க மாட்டார்கள்.

போலி என்பதற்கான காரணங்களை எழுதி அனுப்பியதும் தொனியே மாறிவிட்டது. நிபுணர் விடுப்பில் இருக்கிறார். பிறகு, உங்கள் "கருத்தை" உரியவருக்கு அனுப்பியிருக்கிறோம். பிறகு, இரண்டு பேராசிரியர்கள் கையெழுத்திட்ட அறிக்கை வேண்டும். இந்த நிபந்தனையின் அயோக்கியத்தனம் வெளியாட்களுக்குப் புரியாது. எங்கிருந்து வந்தது என்று தெரியாத துண்டுக்குச் சந்தை மதிப்பு கூட்டிவிடக் கூடாது என்பதால், விற்பனையில் இருக்கும் பொருளைப் பற்றி எழுதித் தரப் பாப்பிரஸ் அறிஞர்களில் பெரும்பாலோர் மறுத்துவிடுவார்கள். அது அந்தத் தளத்துக்கு நன்றாகவே தெரியும். அடுத்து முத்திரை விவகாரம்: முத்திரை உடைந்தால் உத்தரவாதம் செல்லாதாம். கண்ணாடியைத் திறக்காமல் மையை நுண்ணோக்கியில் எப்படிப் பார்ப்பது? கடைசியாக வந்ததுதான் வயிற்றெரிச்சல்: "ஹார்வர்டே தன்னிடம் இருந்த துண்டைப் பற்றி நான்கு ஆண்டுகள் விவாதித்தது. இதுவும் விவாதத்துக்குரிய பொருள். விவாதம் இருப்பதால் போலி ஆகிவிடாது."

அவர்கள் இழுத்த அந்த ஹார்வர்ட் கதையையே எடுத்துக்கொள்வோம். அது அவர்களுக்கு எதிரான சாட்சி.

2012 செப்டம்பர் 18 அன்று ரோமில் நடந்த சர்வதேச காப்டிக் ஆய்வு மாநாட்டில் ஹார்வர்ட் பேராசிரியர் கேரன் கிங் ஒரு துண்டை அறிவித்தார். சுமார் 4 செ.மீ.க்கு 8 செ.மீ., முன்பக்கம் 8 வரிகள், காப்டிக்கின் சாஹிதிக் வட்டார வழக்கு. நான்காம் வரியில் "இயேசு அவர்களிடம் சொன்னார்: என் மனைவி" என்று வந்து அறுந்துபோகிறது. இயேசு மணமானவர் என்பதற்கு இது ஆதாரமாகாது என்று கிங் அப்போதே சொன்னார். உலகப் பத்திரிகைகள் துண்டைப் பெரிய செய்தியாக்கின, அந்த எச்சரிக்கையைத்தான் பெரிதாக எடுத்துக்கொள்ளவில்லை.

சில நாட்களுக்குள் டர்ஹம் பல்கலைக்கழகத்தின் பிரான்சிஸ் வாட்சன், அந்த வரிகள், விவிலியத்தில் சேராத தோமா நற்செய்தியிலிருந்து வெட்டி ஒட்டியவை என்று காட்டினார். 1945இல் எகிப்தின் நாக் ஹம்மாடியில் கிடைத்த ஏடுகளில், இரண்டாம் தொகுப்பில்தான் தோமா நற்செய்தி முழுதாகக் காப்டிக்கில் இருக்கிறது. வேறு முழுப் பிரதி இல்லை. அடுத்து ஆண்ட்ரூ பெர்ன்ஹார்ட் என்ற ஆய்வாளர் கண்டது இன்னும் கூர்மையானது. துண்டின் முதல் வரியில், செயப்படுபொருளைக் காட்டும் "ம்" என்ற ஓரெழுத்து விடுபட்டிருக்கிறது. தோமா நற்செய்தியின் வரிக்கு வரி மொழிபெயர்ப்பாக இணையத்தில் கிடைத்த 2002ஆம் ஆண்டுப் பிடிஎஃப் கோப்பிலும் சரியாக அதே எழுத்து விடுபட்டிருந்தது. பழைய எழுத்தர் ஒரு எழுத்தைத் தவறவிடலாம். இணையக் கோப்பின் தட்டச்சுப் பிழையை அவர் காப்பி அடித்திருக்க முடியாது.

எங்கள் துண்டுக்கும் இதே சோதனையைச் செய்தோம். காசு செலவில்லை, நேரம்தான். காப்டிக்கில் சொற்களுக்கு இடைவெளி கிடையாது. எனவே ஒவ்வொரு வரியிலும் தொடர்ச்சியாகத் தெளிவாகத் தெரியும் 6 அல்லது 7 எழுத்துகளை எடுத்து, தோமா நற்செய்தியின் மின்பதிப்பில் தேட வேண்டும். 6 வரிகளில் 5 அப்படியே கிடைத்துவிட்டன. கிடைக்காத வரியில் "தாசோனெ", அதாவது "என் சகோதரி". ஏல விலையைத் தூக்கிவிட்டது அந்தச் சொல்தான்.

சொல் பொருந்துவதோடு நிறுத்தக் கூடாது, ஏனென்றால் உண்மையான இன்னொரு பிரதியாகவும் அது இருக்கலாமே என்று வாதிடுவார்கள். இடைவெளியை எண்ணுங்கள். ஒரு பக்கத்தின் நடுவிலிருந்து கிழிந்த துண்டு என்றால், ஒரு வரியின் முடிவுக்கும் அடுத்த வரியின் தொடக்கத்துக்கும் நடுவே தொலைந்த எழுத்துகளின் எண்ணிக்கை வரிக்கு வரி ஏறக்குறைய ஒன்றாக இருக்கும். பத்தி அகலம் மாறாதல்லவா. எங்கள் துண்டில் ஓரிடத்தில் 9 எழுத்து, அடுத்த இடத்தில் 40க்கும் மேல், அதற்கடுத்த வரி முற்றிலும் வேறு வசனத்துக்குத் தாவிவிடுகிறது. அப்படி ஒரு பக்கம் எந்த ஏட்டிலும் இருந்திருக்க முடியாது. இதை எழுதியபோது வந்த பதில்: "சுவாரசியமான பார்வை, நன்றி."

இனி கார்பன் தேதி. 2014 ஏப்ரலில் ஹார்வர்ட் இறையியல் ஆய்விதழில் சோதனை முடிவுகள் வந்தன. முதல் ஆய்வகம் கி.மு. 404–209 என்றது, அதாவது கிறிஸ்துவுக்கே முந்தையது. இரண்டாவது சோதனை கி.பி. 659–859 என்றது. மையின் ராமன் நிறமாலை (ஒளியைப் பாய்ச்சிச் சேர்மானத்தைக் கண்டறியும் சோதனை), பழங்காலத்தில் புழங்கிய விளக்குக் கரி மையோடு ஒத்துப்போகிறது என்றது. உடனே "போலி இல்லை" என்று செய்தி பரவியது. அதே இதழில் பிரௌன் பல்கலைக்கழகத்தின் லியோ டெபுய்ட் இலக்கணப் பிழைகளைச் சுட்டி எதிர்த்து எழுதியிருந்தார், அதைப் படித்தவர்கள் குறைவு. கார்பன் சோதனை நாணல் எப்போது வெட்டப்பட்டது என்று மட்டுமே சொல்லும். எழுதாத பழைய பாப்பிரஸ் சந்தையில் கிடைக்கிறது. விளக்குக் கரியையும் கருவேலம் பிசினையும் குழைத்தால் மை தயார். டைட்டானியம் வெள்ளை போன்ற நவீனச் சேர்மானம் மையில் அகப்பட்டால் போலி நிரூபணம் ஆகும். அகப்படாவிட்டால் எதுவுமே நிரூபணம் ஆகாது.

அதன் பிறகு சில வாரங்களிலேயே கிறிஸ்டியன் ஆஸ்கலண்ட் என்ற காப்டிக் ஆய்வாளர் முடித்துவைத்தார். அதே உரிமையாளர் கொடுத்த இன்னொரு துண்டு, காப்டிக் யோவான் நற்செய்தி, அதே கையெழுத்து, அதே மை. 1924இல் ஹெர்பர்ட் தாம்சன் பதிப்பித்த யோவான் சுவடியின் வரிகளை ஒன்றுவிட்டு ஒன்றாக எடுத்து எழுதியிருந்தார்கள். வரி உடையும் இடங்கள்கூட அச்சுப் பதிப்பின்படியே. போதாததற்கு அது லைகோபாலிட்டன் என்ற இன்னொரு காப்டிக் வட்டார வழக்கு. கார்பன் காட்டிய 7 முதல் 9ஆம் நூற்றாண்டுக்கு வெகுமுன்பே வழக்கொழிந்தது. 2016இல் ஏரியல் சாபர் என்ற பத்திரிகையாளர் உரிமையாளரின் பின்னணியைத் தோண்டி வெளியிட்டதும், போலி என்ற பக்கமே தராசு சாய்கிறது என்று கிங்கே சொல்லிவிட்டார். விவாதத்துக்கு விடை கிடைத்து ஆண்டுகள் ஆகிவிட்டன. அதைத்தான் இவர்கள் இன்னும் திறந்த விவாதம் போலக் காட்டி எங்கள் 2,940 யூரோவை வைத்துக்கொண்டிருக்கிறார்கள்.

எங்களுக்குக் கொடுத்த கார்பன் அறிக்கையின் லட்சணத்தையும் பாருங்கள். நேர்மையான அறிக்கையில் ஆய்வகத்தின் மாதிரி எண் இருக்கும். 1950இலிருந்து பின்னோக்கி எண்ணிய கார்பன் ஆண்டு, கூட்டல் கழித்தல் பிழை வரம்போடு இருக்கும். அதை எந்த அளவுத்திருத்த வளைவைக் கொண்டு நாட்காட்டி ஆண்டாக மாற்றினார்கள் என்று இருக்கும், இப்போது வழக்கில் இருப்பது இன்ட்கேல்20. இதில் "4ஆம் நூற்றாண்டு" என்ற ஒரே வரி. சோதனைக்குச் சில மில்லிகிராமாவது வெட்டி எடுத்தாக வேண்டும். எங்கள் துண்டில் அப்படி வெட்டிய தடமே இல்லை. அப்படியானால் ஆய்வகத்துக்குப் போனது எது? இந்தக் கேள்விக்கு இன்றுவரை பதில் இல்லை.

முத்திரையை உடைத்தோம். பணம் எப்படியும் வராது என்று தெரிந்த பிறகு உண்மையாவது தெரியட்டும். பாப்பிரஸில் இரண்டு அடுக்கு நார்கள் ஒன்றுக்கொன்று செங்குத்தாக ஒட்டியிருக்கும். மேலடுக்கு எழுதிய பிறகு உரிந்திருந்தால், மையும் அதோடு போயிருக்க வேண்டும். இங்கே உரிந்த இடத்தில் கீழடுக்கு நார் மேல் மை ஓடுகிறது. ஓர் எழுத்து ஓட்டையைத் தொடாமல் ஒதுங்கி வளைகிறது. கிழிந்த விளிம்பின் மேல் மை வழிந்து இறங்கியிருக்கிறது. ஏற்கெனவே சிதைந்த துண்டில் எழுதினால்தான் இவை வரும். வாஷிங்டனில் உள்ள பைபிள் அருங்காட்சியகத்தில் சாக்கடல் சுருள் (சாக்கடல் பகுதிக் குகைகளில் கிடைத்த பழைய யூதச் சுவடிகள்) என்று வைத்திருந்த 16 துண்டுகளும் நவீனப் போலிகள் என்று 2020இல் அறிவித்தபோதும் முக்கியச் சான்றுகளில் ஒன்று இதுதான்: பழைய தோலின் வெடிப்புகளுக்குள் புது மை தேங்கியிருந்தது.

பேராசிரியர் கடிதம் பற்றி நீட்டத் தேவையில்லை. ஹார்வர்ட் துண்டுக்கும் இப்படியே 1963இல் கிழக்கு ஜெர்மனியில் வாங்கியது, 1982இல் பேராசிரியர் பார்த்தது என்று காகிதங்கள் இருந்தன. எல்லாம் நகல்கள், பெயர் வந்தவர்கள் எல்லாரும் இறந்தவர்கள். எங்களுடையதும் நகல்தான். மூலத்தைக் கேட்டால் "தனியுரிமை" என்கிறார்கள்.

உண்மையான துண்டாகவே இருந்தாலும் நிம்மதி கிடையாது. எகிப்தின் 1983ஆம் ஆண்டு 117ஆம் எண் சட்டத்துக்குப் பிறகு அங்கிருந்து தொல்பொருளை விற்பனைக்குக் கொண்டுவர முடியாது. ஆக்ஸ்போர்டில் எகிப்து ஆய்வுச் சங்கத்தின் சேகரிப்பிலிருந்து காணாமல் போன விவிலியத் துண்டுகள் அமெரிக்கச் சேகரிப்பு ஒன்றில் இருப்பது 2019இல் வெளியாகி, திருப்பித் தர வேண்டியதாயிற்று. "முதல் நூற்றாண்டு மாற்கு" என்று வருடக்கணக்கில் பேசப்பட்ட மாற்கு நற்செய்தித் துண்டும் அந்தச் சங்கத்துடையதுதான். 2018இல் பதிப்பித்தபோது 2ஆம் நூற்றாண்டின் பிற்பகுதி அல்லது 3ஆம் நூற்றாண்டின் முற்பகுதி என்று தேதி குறித்தார்கள்.

வரிசையாகத் தருவதாகச் சொன்னேன், ஆனால் புகார் மனு தயாரிக்கும் வேலை காத்திருக்கிறது, சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். நகல் காகிதத்தை ஆதாரமாக எடுக்காதீர்கள். 1983க்கு முன் எகிப்தை விட்டு வெளியேறியதற்கான மூல ஆவணத்தைக் கேளுங்கள், இல்லை என்றால் பேச்சை அங்கேயே முடியுங்கள். ஏலம் கேட்கும் முன்பே படத்தை வைத்து எழுத்துகளைத் தோமா, யோவான் பதிப்புகளில் தேடுங்கள். கண்ணாடிக்குள் முத்திரை வைத்தது வேண்டாம். "போலி என்றால் பணம் திரும்ப" என்று வாயால் சொன்னால் போதாது, யார் எந்த அளவுகோலில் முடிவு செய்வார்கள் என்று எழுத்தில் வாங்குங்கள். வங்கிப் பரிமாற்றம் மட்டும்தான் என்றால் விலகிவிடுங்கள். கடன் அட்டையில் கட்டியிருப்பவர்கள் இன்றே அட்டை வங்கியில் தகராறு பதிவு செய்யுங்கள், அதற்குக் கெடு உண்டு. எங்களுக்கு அந்த வழியும் இல்லை, போனது 2,940 யூரோ.